முன்கம்புக்காரன் கோலாலம்பூர் போன கதை

நமச்சிவாயத்தின் பிடரியில், தலைமுடி முடிகிற இடத்தில் ஒரு மச்சம் உண்டு. அவன் பெண்டாட்டி தையல்நாயகிக்குக்கூட அது தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் அந்த மச்சத்தைப் பார்த்துக்கொண்டேதான் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவைச் சுற்றி வந்திருக்கிறேன். திருவிழாவில் சாமி தூக்குகிறவர்களில் அவன் வலதுபக்க முன்கம்பில் முதல் ஆள். நான் அவனுக்குப் பின்னால் இரண்டாவது ஆள். முதல் ஆளுக்கு எதிரே தெரு, கோலம், விளக்கு, கைகூப்பி நிற்கிற ஜனம். இரண்டாவது ஆளுக்கு எதிரே முதல் ஆளின் பிடரி. அவ்வளவுதான் என் பக்தி.

எங்கள் தெருச் சுப்பிரமணியர் கோயிலில் இதற்கென்று சில கட்டுத்திட்டங்கள் இருக்கின்றன. மற்ற ஆட்கள் திருவிழாப் பத்து நாள் கறி மீன் தொடாமல் இருந்தால் போதும். முன்கம்புக்காரன் ஆயுசுக்கும் தொடக்கூடாது. அதற்குப் பதில் சாமி புறப்படும்போது முதல் பரிவட்டம் அவன் தலையில்தான் கட்டுவார்கள். அவன் விரதம் கெட்டதா இல்லையா என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். கெட்டிருந்தால் அவனே கொடியேற்றத்தன்று காலையில் வந்து தன் தோள்துண்டைக் கொடிமரத்தடியில் வைத்துவிட வேண்டும். வைத்த துண்டைத் திரும்ப எடுக்க முடியாது, உயிரோடு இருக்கிறவரைக்கும். அவனுக்குப் பின்னால் இருக்கிறவன் ஒரு அடி முன்னால் வருவான்.

இன்னொன்றும் உண்டு. கம்பைத் தோளில் வாங்கிய பிறகு முன்கம்புக்காரன் திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்க்கவும் முடியாது. பின்னால் எல்லோரும் பாரத்தை ஏற்றுக்கொண்டார்களா என்று அவனுக்குத் தெரியாது. இரண்டாவது ஆள்தான் பார்த்துவிட்டு, அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "தாங்கியாச்சு" என்று சொல்லவேண்டும். அதற்கு முன்னால் அவன் கால் எடுத்தால் சாமி சாய்ந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக நமச்சிவாயம் என் ஒரு சொல்லை வைத்துத்தான் நடந்தான்.

ஆள் நல்ல நெசவுக்காரன். விடிந்ததும் தறிக்குழியில் காலை விட்டால் வெயில் ஏறுகிறவரை எழமாட்டான். பொய் சொல்ல வராது, பிறர் சொல்கிற பொய்யும் பிடிபடாது. அப்படிப்பட்ட ஒருத்தன் கையில் கிடைத்தால் யார் விடுவார்கள்? அவனை ஏமாற்றுவது எங்களுக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்தே பொழுதுபோக்கு. முழுப்பரீட்சை அன்றைக்குப் பரீட்சை ரத்து என்று சொன்னோம், வீட்டுக்குப் போய்விட்டான். அவன் கல்யாணத்தன்று காலையில், "பொண்ணு ஓடிப்பூட்ச்சுடா" என்று கோதண்டபாணி இவன் காதில் சொன்னான். இவன் ஒன்றும் கேட்காமல் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அதை நினைத்து நாங்கள் வருடக்கணக்கில் சிரித்திருக்கிறோம். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். "நீங்க சொன்னா நம்பிடறன்பா, அதுக்கு நான் இன்னா பண்றது?" என்பான்.

கோதண்டபாணி எங்கள் கூடப் படித்தவன், இப்போது சேலைக்கடை வைத்திருக்கிறான். எதையும் விளையாட்டாக்காமல் அவனால் சாப்பிட்டது செரிக்காது. நாலாவது கூட்டாளி தாமல் கிராமத்துத் தேவசகாயம். பள்ளிக்கூடத்தில் நமச்சிவாயத்தோடு ஒரே பெஞ்சு. அவன் வீட்டில் கறிக்குழம்பு வைத்த நாளில், பிறந்ததிலிருந்தே சைவமான இவன் முகம் சுளிக்கக்கூடாதே என்று தள்ளி உட்கார்ந்து சாப்பிடுவான். பதினாறு வருடமாகக் கோலாலம்பூர் பக்கத்தில் ஒரு ரப்பர் கையுறைக் கம்பெனியில் வேலை. "ஒருதரமாவது வாங்கடா" என்று வருடா வருடம் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். போன சித்திரையில், விசாவே வேண்டாமாம் என்று கோதண்டபாணி எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்தான். நமச்சிவாயம் முதலில் வரவில்லை என்றான். "டேய், அங்க பத்துமலை முருகன் இருக்குதுடா" என்றதும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டு விட்டான்.

நாலு நாள். வேட்டியோடுதான் வந்தான், வேட்டியோடுதான் சுற்றினான். இரட்டைக் கோபுரத்தின் அடியில் நின்று உச்சியைப் பார்க்கத் தலையைச் சாய்த்தான், தோள்துண்டு கீழே விழுந்தது. விபூதியும் வேட்டியுமாக இருக்கிறவனைப் பெரிய சாமியார் என்று நினைத்து ஒரு சீனக் குடும்பம் கூட நின்று படம் எடுத்துக்கொண்டது. அந்த வீட்டுப் பாட்டி கால்மேல் விழப் போனாள். இவன் பதறிப்போய் அவள் காலில் விழப் போனான். கோதண்டபாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒரு பெரிய மாலில் நமச்சிவாயம் பொம்மைக்குக் கட்டியிருந்த பட்டுச்சேலையைப் பார்த்துவிட்டு, கரையும் உடம்பும் சேருகிற இடத்தை விரலால் தடவிக்கொண்டு கால்மணி நேரம் நின்றான். கடைக்காரப் பெண் போலீசைக் கூப்பிடாத குறை. தேவசகாயம்தான் போய் மன்னிப்புக் கேட்டு இழுத்துக்கொண்டு வந்தான்.

பத்துமலையில் இருநூற்று எழுபத்திரண்டு படி. எனக்குப் பாதியிலேயே நாக்குத் தள்ளியது. நமச்சிவாயம் என் பையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். இறங்கி வந்த பிறகு, வெளியே நிற்கிற அந்தப் பொன்னிற முருகனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இத்தத் தூக்கணும்னா எத்தனை பேர் வேணும்டா தினகரா?"

"அத்த எதுக்குடா தூக்கணும்?"

"சும்மா கேட்டன்பா. முன்கம்புக்கே நூறு பேர் வேணும். நீ எனக்குப் பின்னால இருந்தா நான் தூக்கிடுவன்."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கொஞ்சமும் விளையாட்டு இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. மலேசியாவுக்கு வந்தும் நான் இவனுக்குப் பின்னால்தானா?

கடைசி நாள் சாயங்காலம் விமானம். தேவசகாயத்துக்கு மதிய ஷிப்ட். அதற்குள் எங்களைச் சாப்பாட்டில் உட்கார வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று சீனக்கடைத் தெரு ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே சீனக்காரர்களே நடத்துகிற சைவ ஓட்டல். நமச்சிவாயம் குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தான். தேவசகாயம் என் தோளைப் பிடித்து நிறுத்திச் சொன்னான்.

"டேய், இது புத்தர் கும்புடறவுங்க கடை. முட்டைகூட கெடையாது. ஆனா சோயாவுலயும் கோதுமையிலயும் வாத்துக்கறி மாதிரியே பண்ணி வெப்பாங்க. தோலுகூட தெரியும். பாத்துட்டு அவன் பயந்துடப் போறான். நீ பக்கத்துல இருந்து சொல்லு. ரெண்டு வாரமா விசாரிச்சிக்கினு இருந்து கண்டுபுடிச்ச கடைடா இது. அவனுக்கு ஒரு நல்ல சாப்பாடு போடணும்னு."

சரி என்றேன். அவன் நமச்சிவாயத்தைக் கட்டிப்பிடித்து விடைபெற்றுக்கொண்டு, பஸ் பிடிக்க ஓடினான்.

தட்டு வந்தது. செக்கச்செவேலென்று துண்டு துண்டாக, மேலே மொறுமொறுப்பான தோல் மாதிரி ஒன்று. நமச்சிவாயம் கையை எடுத்துவிட்டான்.

"இன்னாடா இது?"

"சுத்த சைவம்பா. தேவா சொன்னான்" என்றேன். அதுவரைக்கும் நான் யோக்கியன்தான்.

ஒரு துண்டு தின்றான். இன்னொன்று தின்றான். அவன் முகம் மலர்ந்ததை என்னவென்று சொல்வது! ஐம்பத்திரண்டு வயதில் புதிதாக ஒரு ருசியைக் கண்டவன் முகம் அது. "தேவா தங்கம்டா" என்றான். இன்னொரு தட்டு கேட்டான். கோதண்டபாணி எழுந்து வெளியே போய்விட்டு வந்தான். பக்கத்துக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வாத்துகளைக் கழுத்தில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், அதைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். நமச்சிவாயம் இரண்டாவது தட்டையும் வழித்துத் தின்று முடிக்கிறவரை பொறுமையாகக் காத்திருந்தான். பிறகு ஒரு கையில் அந்தப் படத்தை அவன் முன்னால் நீட்டி, இன்னொரு கையில் என் போனை வாங்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தான்.

"வாத்து எப்படிடா இருந்துச்சு?"

நமச்சிவாயம் படத்தைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். வழக்கம்போல நம்பிவிட்டான் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்தத் தடவை கோதண்டபாணியை அவன் நம்பவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"தினகரா, நெஜமா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று. சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டு ஆட்டினேன்.

நமச்சிவாயம் வெளியே ஓடி, தெருவோரச் சாக்கடையருகே மண்டியிட்டு, விரலை விட்டு விட்டு வாந்தி எடுத்தான். ஒன்றும் வராமல் போன பிறகும் விடவில்லை. கோதண்டபாணி அதையும் எடுத்தான். "போதும்டா, சொல்லிடலாம்" என்று அவனிடம் முணுமுணுத்தேன். "இர்றா, ஊருக்குப் போயி சொல்லிக்கலாம். இவ்ளோ நல்ல ஐட்டம் ஒரு நாள்ல முடிஞ்சிடணுமா?" என்றான். சரி என்று நானும் விட்டேன்.

விமான நிலையத்தில் தேவசகாயம் போனில் கூப்பிட்டான். நமச்சிவாயத்திடம் கொடுத்தேன். "சாப்பாடு எப்படிடா இருந்துச்சு?" என்று அந்தப்பக்கம் கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

"நல்லா இருந்துச்சு தேவா" என்றான் நமச்சிவாயம். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பாவம், அவனுக்குத் தெரியாது. கடைய மாத்தி இட்டுனு போயிட்டான். அவனாண்ட சொல்லிடாதீங்க, மனசு ஒடிஞ்சிடுவான்" என்றான். படுபாவி, அந்த நேரத்திலும் அடுத்தவன் மனசைப் பற்றி.

விமானத்தில் என் பக்கத்து இருக்கை அவனுக்கு. நாலு மணி நேரம். தண்ணீர்கூடத் தொடவில்லை. முதல் ஒரு மணி நேரம் எனக்கு வேடிக்கையாக இருந்ததால் சொல்லவில்லை. இரண்டாவது மணி நேரம், இப்போது சொன்னால் என்ன நினைப்பானோ என்ற பயத்தில் சொல்லவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் அவன் ஜன்னல் பக்கம் சாய்ந்து கண்ணை மூடினான். பிடரி மச்சம் தெரிந்தது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இவன் துண்டை வைத்துவிட்டால் முதல் ஆள் நான். அந்த நினைப்பு வந்த பிறகு, சொல்லாமல் இருப்பதற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

கோதண்டபாணி என் போனிலிருந்து வீடியோவை வாங்கிப் பழைய மாணவர்கள் குரூப்பில் போட்டான். அங்கிருந்து தெருவுக்கு வர ஒரு நாள்தான் ஆனது. நமச்சிவாயம் நெசவுப் பாவு நூலை நனைக்கத் தெருவில் இறங்கினால் மொட்டை மாடியிலிருந்து எவனாவது வாத்து மாதிரிக் கத்துவான். சின்னப் பையன்கள் இல்லை, பேரன் பேத்தி எடுத்தவன்கள். இவன் அண்ணாந்தும் பார்ப்பதில்லை. பத்து நாள் கழித்து கோதண்டபாணிக்கு அந்த விளையாட்டே மறந்துவிட்டது. "அட, நீ இன்னும் சொல்லலையா? சொல்லிட்றா, பேஜாரு" என்றான். அவனுக்கு அது விளையாட்டு மட்டும்தான், அதைச் சொல்லவேண்டும். நான்தான் "நான் பாத்துக்கறன்பா" என்றேன்.

கொடியேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது தையல்நாயகி ரேஷன் கடை வாசலில் என்னை நிறுத்தினாள்.

"அண்ணா, உங்கள ஒண்ணு கேக்கணும். நீங்கதான் கூட இருந்தீங்க. அது நெஜமாவே வாத்துதானா? இவுரு சோத்துல கைய வெச்சிக்கினு அப்படியே உக்காந்துனு இருக்கறாரு. தறியில கூட எறங்கலண்ணா."

அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னேன்: "எனக்கு இன்னாம்மா தெரியும்? எல்லாம் தேவா ஏற்பாடு. அவுங்க ஜனம் எது வேணா சாப்புடறவுங்க. அவனுக்கு இதெல்லாம் பெரிசாத் தெரியாது."

"அந்த அண்ணன் அப்படிச் செய்ய மாட்டாரே" என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ரெண்டு வாரம் அலைந்து கடை கண்டுபிடித்தவன் மேல் அந்தப் பழியைப் போட்டேன். வாய் அழுகிப் போகவில்லை. வீட்டுக்கு வந்து நன்றாகவே சாப்பிட்டேன்.

கொடியேற்றத்தன்று கோயில் நிறைய ஜனம். நமச்சிவாயம் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். தோள்துண்டு நாலாக மடித்துக் கையில் இருந்தது. அவன் வலது தோளில் கம்பு அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன இடம் வெறுமையாகத் தெரிந்தது. வாத்து மாதிரிக் கத்தினவன்கள் எல்லாம் தூணோரம் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். கொடிமரத்தடியில் போய் நின்றவன், துண்டை வைக்காமல் திரும்பினான். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தான்.

"தினகரா, எதனா சொல்லணுமாபா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாகஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார். ஒரே ஒரு வார்த்தை. அது சைவம்டா. அவ்வளவுதான் சொல்லவேண்டியது.

"இன்னாத்தபா சொல்றது?" என்றேன்.

நமச்சிவாயம் குனிந்து துண்டைக் கொடிமரத்தடியில் வைத்தான். விழுந்து கும்பிட்டான். எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனான். குருக்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், நான் ஒரு அடி முன்னால் போனேன்.

அன்றைக்கு மாலையே பரிவட்டம் என் தலைக்கு வந்தது. நான் இனிமேல் கறி தொடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது நான் மோர்ச்சோறு. வேண்டும் எனக்கு.

ஐந்தாம் நாள், மயில்வாகனம். பொழுது சாய்கிற நேரம். முன்கம்பில் நின்று தெருவைப் பார்த்தேன். கோலம், விளக்கு, கைகூப்பிய ஜனம். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். நமச்சிவாயம் வீட்டு வாசலில் சாமி நின்றது. கம்புக்கு அடியில் தாங்குகட்டையைக் கொடுத்துவிட்டு நாங்கள் தோளை விடுவித்துக்கொண்டோம். தையல்நாயகி தேங்காய்த் தட்டோடு வந்தாள், என்னைப் பார்க்கவில்லை. நமச்சிவாயம் அவளுக்குப் பின்னால் வந்தான். கையில் போன். அதில் தேவசகாயம், கம்பெனிச் சட்டையோடு.

"தேவா, பாத்துக்கடா, சாமி வந்துட்ச்சு" என்று போனைச் சாமி பக்கம் காட்டினான். தேவசகாயம் அந்தப்பக்கம் கைகூப்பினான். பிறகு நமச்சிவாயம் போனை என் பக்கம் திருப்பினான். தேவசகாயம் என்னைப் பார்த்தான். அவனே கட் பண்ணிவிட்டான்.

நமச்சிவாயம் கிட்டே வந்து, மேளச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கிறமாதிரிச் சொன்னான்.

"தையலு அவனுக்குப் போன் போட்டுட்டாபா. அவன் எல்லாத்தையும் சொன்னான். கடைக்காரங்களாண்டயே பேச வெச்சான். கொடியேத்தத்துக்கு மொத நாளு."

"மொத நாளா?" என்றேன். "விரதம் கெடலன்னு தெரிஞ்சுமாடா துண்ட வெச்ச?"

"ஆமா."

"ஏன்டா?"

அவன் என் தோளில் விலகிக் கிடந்த துண்டை மடித்து, கம்பு அழுத்துகிற இடத்தில் சரியாக வைத்தான். புது ஆளுக்கு எங்கே வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"நான் திரும்பிப் பாக்காம நடக்கறவன்பா. அன்னிக்கு ஒரேதரம் திரும்பிப் பாத்துக் கேட்டன். நீ சொல்லிருந்தா இன்னிக்கும் நாந்தான் முன்னால. நீ சொல்லல. அப்பறம் உன் வார்த்தைய வெச்சிக்கினு நான் எப்படிபா சாமியத் தூக்கறது? கீழ விழுந்துடும்ல?"

கோபமே இல்லை அவன் குரலில். அவன் கத்தியிருந்தால், என் சட்டையைப் பிடித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். விபூதியை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு உள்ளே போனான். தையல்நாயகி கதவைச் சாத்தினாள்.

தாங்குகட்டையை எடுத்தார்கள். கம்பு என் தோளில் ஏறியது. எனக்குப் பின்னால் உமாபதி, இந்த வருடம்தான் இரண்டாவது ஆளாக வந்தவன். வாத்து மாதிரிக் கத்தினவர்களில் முதல் ஆளும் அவன்தான். என் முதுகில் தட்டினான்.

"தாங்கியாச்சு."

எனக்குக் கால் வரவில்லை. நிஜமாகவே எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா, இல்லை விளையாடுகிறானா? திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்க்கவும் முடியாது.

"யோவ் தினகரு, தாங்கியாச்சுன்றன், நடய்யா" என்று மறுபடியும் தட்டினான்.